தொலைந்தது யாருக்கு?

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். இருபத்தைந்து வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். இப்போது ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலில் மட்டும் வாசிக்கிறார். போன வருடம் ஒரு மழை நாளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டேன். “இது எந்த வருசத்துப் பாட்டுன்னு சொல்லுங்க பாப்போம், அண்ணாச்சி.”

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தை முதல்முறை கேட்ட எல்லோருக்கும் வரும் திகைப்பு அவருக்கும் வரும் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார்.

“பைரவி. வடக்கத்திக்காரங்க பைரவி. நம்ம தோடி சுரம்தான். கை சுத்தமா இருக்கு.”

“அதில்ல அண்ணாச்சி. எந்த வருசம்?”

“எந்த வருசமா இருந்தா என்னலே? தபலாவுக்குப் பதிலா மிஷினைப் போட்டு ஓட்டுதாரு. அடுத்ததை வை.”

அடுத்தடுத்து வைத்தேன். “இந்தா, மோகனம்.” “இது கல்யாணி.” “இது வலஜியில்லா?” மால்கௌன்ஸ் வந்தபோது மட்டும் கையால் தொடையில் தாளம் போட்டார். “ஹிந்தோளம். நல்லா வாசிச்சிருக்காரு. யாரு இந்த மனுசன்?”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. உலகமே வியந்த ஒரு கண்டுபிடிப்பை நான் காட்டினால், இவர் ராகத்தின் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஏமாற்றம் ஏன் வந்தது என்று யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

அந்த மனுசன் சரண்ஜித் சிங். 1940இல் பிறந்தவர். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிதாரும் சின்தசைசரும் வாசித்தவர். 1982இல் எச்.எம்.வி. அவருடைய ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. ‘சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். பைரவி, லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக்மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. பாட்டு இல்லை, தபலா இல்லை, தம்புரா இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகள் மட்டும். ஜூபிட்டர்-8 என்ற கீபோர்டு, டிஆர்-808 என்ற தாள இயந்திரம், டிபி-303 என்ற சிறிய வெள்ளிநிறப் பெட்டி.

அந்த வெள்ளிப் பெட்டிதான் கதையின் மையம். தனியாகக் கிதார் பயிற்சி செய்கிறவர்களுக்குத் துணையாக பேஸ் கிதார் வாசிக்கட்டும் என்று 1981இல் விற்பனைக்கு வந்தது. உண்மையான பேஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. விற்காமல், சில ஆண்டுகளிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்த அந்தப் பெட்டியை சிகாகோவில் சில இளைஞர்கள் மலிவாக வாங்கினார்கள். அதில் ஓடிக்கொண்டிருக்கும் சுர வரிசையை அப்படியே ஓடவிட்டு, ஒலியின் நிறத்தை மாற்றும் குமிழ்களைத் திருகினார்கள். ஒலி நெளிந்தது, வழுக்கியது, கொப்பளித்தது. 1987இல் ‘ஃபியூச்சர்’ என்ற குழு வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகைக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது.

அதே பெட்டியை அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே பம்பாயில் ஒருவர் ராகங்களின் அடியில் ஓடவிட்டிருந்தார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. ராகத்தில் ஊறிய காதுக்கு அதன் பயன் உடனே பிடிபட்டிருக்கும். சரண்ஜித் சிங் இந்தக் கருவிகளைச் சிங்கப்பூரில் வாங்கினார். மூன்றையும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடவைக்கத் தானே வழி கண்டார். பின்னாளில் அவர் பேட்டிகளில் சொன்ன காரணம் எளிமையானது. அன்றைக்கு சினிமாவில் டிஸ்கோதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தில் ராகம் வாசித்தால் என்ன என்று தோன்றியது, வாசித்தார். அதே 1982இல் நம் ஊர் ஒலிபெருக்கிகளில் ‘சகலகலா வல்லவன்’ பாட்டு அலறிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தால், அந்தக் காரணம் ஒன்றும் விசித்திரமானதில்லை.

தட்டு விற்கவில்லை. அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 2002இல் எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டில்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். பிறகு பம்பாயில் சரண்ஜித் சிங்கையே தேடிப்போய்ச் சந்தித்தார். 2010இல் தன்னுடைய ‘பாம்பே கனெக்‌ஷன்’ வழியாக மறுபடி வெளியிட்டார். ஆசிட் ஹவுஸின் முன்னோடி சிகாகோவில் இல்லை, பம்பாயில் இருக்கிறார் என்று செய்தி பரவியது.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. இது மோசடி, 1982இல் இந்தியாவில் இப்படியொரு தட்டு வந்திருக்கவே முடியாது, நம் காலத்து ஐரோப்பிய இசைக்கலைஞர் யாரோ பழைய தட்டு மாதிரி செய்து விளையாடுகிறார் என்று சிலர் சந்தேகித்தார்கள். ‘ஏஃபெக்ஸ் ட்வின்’ வேலையாக இருக்கும் என்றுகூடப் பேச்சு வந்தது. ஒருவர் சொல்வதை, அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்பதாலேயே குறைத்து நம்புவதை மிராண்டா ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில் ஓர் அநீதியாக வகைப்படுத்தினார். ஒருவருடைய சாட்சியத்துக்கு இழைக்கப்படும் அநீதி. இங்கே சாட்சியம் ஒரு கருப்புத் தட்டு. உறையில் பேர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, கம்பெனி இருக்கிறது. இருந்தும் போதவில்லை.

*

இவ்வளவையும் நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆசிட் ஹவுஸ் என்றால் என்ன என்று கேட்டார். சொல்ல வரவில்லை. அதனால் எனக்குப் பழக்கமான ஒன்றை வைத்தேன். தொண்ணூறுகளின் பழைய சைக்கடெலிக் டிரான்ஸ், கோவா டிரான்ஸ் என்று அன்று அறியப்பட்டது. ‘ஹலூசினோஜென்’ 1995இல் வெளியிட்ட ‘ட்விஸ்டட்’ ஆல்பத்திலிருந்து ஒரு துண்டு. சிகாகோவில் பிறந்த அந்த ஆசிட் ஒலியின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். வேகம் கூடியிருக்கும், அடுக்குகள் கூடியிருக்கும். அடியில் அதே நெளிவு.

கோவா டிரான்ஸின் கதையும் ஒரு கடற்கரைக் கதைதான். எழுபதுகளிலிருந்தே அஞ்சுனா கடற்கரையில் வெளிநாட்டு ஹிப்பிகள் இரவு முழுக்க நடனமாடினார்கள். எண்பதுகளில் அங்கே ராக் இசை போய் எலக்ட்ரானிக் இசை வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பாட்டுகளில் குரல் வரும் பகுதிகளை வெட்டி எறிந்து, தாளமும் சுழலும் ஒலியும் மட்டும் வருகிற மாதிரி நாடாக்களில் ஒட்டி வாசித்தார்கள். அந்த வெயிலில் வினைல் தட்டு வளைந்துவிடும் என்பதால் பின்னாளில் சின்ன டிஜிட்டல் நாடாக்கள். கோவா கில் என்று அறியப்பட்ட அமெரிக்கர் அந்தக் கடற்கரையின் முகமாக ஆனார். 2023இல்தான் இறந்தார். தொண்ணூறுகளில் அந்த அனுபவத்தை லண்டனிலும் இஸ்ரேலிலும் பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து இசையாகச் செய்தார்கள். உறைகளில் சிவன், ஓம், தாமரை. பெயரில் கோவா.

அதில் அடிக்கடி வரும் ஒரு ஸ்கேல் உண்டு. ஃப்ரிஜியன் என்பார்கள். அதன் சுரங்களும் ஹிந்துஸ்தானி பைரவியின் சுரங்களும் ஒன்று. நம் ஹனுமத்தோடியின் சுரங்களும் அவைதான். அண்ணாச்சி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். “சுரம் இருக்கு. ராகம் இல்ல. ஆனா ஆட நல்லாருக்கும்.” பிறகு, “இது எந்த ஊர்க்காரன்?” என்று கேட்டார். இங்கிலாந்து என்றேன். “அப்ப கோவான்னு எதுக்குப் பேரு?”

கோவாக்காரர்கள் வேறு ஓரிடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் சினிமா இசைக்குழுக்களின் முதுகெலும்பு கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்க இசைக்கலைஞர்கள். தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்திய இசைக் குறிப்பு படித்தவர்கள். இசையமைப்பாளர் பாடிக்காட்டும் மெட்டை அறுபது பேர் வாசிக்கும்படி எழுதிக்கொடுத்தவர்கள். இசைத்தட்டு உறையில் பாடகர் பேர் இருக்கும், இசையமைப்பாளர் பேர் இருக்கும், பாடலாசிரியர் பேர் இருக்கும். வாசித்தவன் பேர் இருக்காது. மஜோர்தா என்ற கோவா ஊரில் பிறந்த அந்தோனி கொன்சால்வெஸ் அவர்களில் ஒருவர். ராகங்களை மேற்கத்திய இசைக்குழுவுக்கு எழுதிப் பார்த்தவர். லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் இரட்டையரில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். மாணவர் 1977இல் ‘அமர் அக்பர் அந்தோனி’ படத்தில் குருவின் பெயரை ஒரு பாட்டின் முதல் வரியாகவே வைத்தார். நாடு முழுக்க அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒரு மனிதர் உண்மையிலேயே இருக்கிறார் என்று பாடியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

சரண்ஜித் சிங்கும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ‘மறக்கப்பட்ட மேதை’ என்று அவரைச் சொல்லும்போது, அவர் ஒருவர் மட்டும் தவறி விடுபட்டுப்போனது போல ஒரு தோற்றம் வருகிறது. அந்தத் தொழிலில் விடுபடுவதுதான் விதி. அவர் கதையில் விதிவிலக்கு எங்கே இருக்கிறது என்றால், 1982இல் ஒரு தட்டின் உறையில் அவர் பேர் அச்சாகியிருந்ததில். அந்த அச்சு இல்லாவிட்டால் பௌமன் யாரைத் தேடிப் போயிருப்பார்?

*

இப்போது என் ஏமாற்றத்துக்கு வருகிறேன். நான் அண்ணாச்சியிடம் எதிர்பார்த்தது ‘இது அப்பவேவா!’ என்ற வார்த்தையை. அதாவது அந்த இசையை 1987ஐ வைத்து அளக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். சிகாகோ இல்லையென்றால் அந்தத் திகைப்பு இல்லை.

1951இல் போர்ஹேஸ் காஃப்காவின் முன்னோடிகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத சில பழைய எழுத்துகளில் காஃப்காவின் சாயல் தெரிகிறது. காஃப்கா எழுதியிருக்காவிட்டால் அந்தச் சாயலை யாரும் கண்டிருக்கவே முடியாது. ஆகவே ஓர் எழுத்தாளன் தன் முன்னோடிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். அழகான வாதம். ஆனால் அதைக் காஃப்கா இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும்தான் அழகு. முன்னோடியாக ஆக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால்? அவருடைய வேலைக்கு மதிப்பு வந்துவிட்டது, சரி. அந்த மதிப்பை அவருக்குத் தெரியாத ஒருவர், அவருக்குத் தெரியாத ஊரில், பின்னால் செய்த காரியம் வாங்கிக்கொடுத்திருக்கிறது. சரண்ஜித் சிங் 1982இல் ஆசிட் ஹவுஸ் செய்யவில்லை. அப்படியொன்று அப்போது கிடையாது. அவர் மால்கௌன்ஸ் வாசித்தார். அதை எவ்வளவு நன்றாக வாசித்தார் என்று கேட்பதற்கு முன்பே, எவ்வளவு சீக்கிரமாக வாசித்தார் என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

‘முதல்’ என்ற கிரீடத்தில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அது யார் தலையிலும் நிலையாக நிற்காது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் உதவியுடன் ஒரு மூக் சின்தசைசர் நிறுவப்பட்டது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் எலக்ட்ரானிக் இசை செய்தார்கள். அந்த நாடாக்கள் அரை நூற்றாண்டு ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் புர்காஸ் என்ற கலைஞர் எடுத்துத் தொகுக்க, 2023இல் தட்டாக வந்தன. அப்படியானால் சரண்ஜித் சிங் ‘முதல்’ இல்லையா? அவருடைய மதிப்பு இப்போது குறைந்துவிட்டதா? குறைந்தது என்றால், நாம் இதுவரை மதித்தது அந்த இசையை இல்லை, தேதியை.

நேர்மையாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். இந்த ‘முன்னோடி’ என்ற சத்தம் இல்லாவிட்டால் எனக்கு அந்த ஆல்பம் தெரியவந்திருக்காது. பௌமன் தட்டைக் கண்டெடுத்ததோடு நிற்கவில்லை, ஆளையும் தேடிப்போனார். அது பெரிய காரியம். எழுபதைக் கடந்த சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி, தன் பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் ஆட, அதே ராகங்களை வாசித்தார். 2015இல் இறந்தார். இடையில் கிடைத்தது ஐந்து வருடம். ஒன்றுமில்லாததற்கு ஐந்து வருடம் எவ்வளவோ மேல். தவறான காரணத்துக்காகக் கிடைத்த கைத்தட்டல் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வது சுலபம். மேடையில் நின்றவருக்கு அது கைத்தட்டல்தான்.

ஆகவே கேள்வி, கண்டெடுப்பது நல்லதா கெட்டதா என்பதில்லை. கண்டெடுத்த பிறகு நாம் அதற்கு என்ன பாக்கி வைத்திருக்கிறோம் என்பது.

*

இந்தக் கடற்கரையில் பிறந்தவனுக்கு இந்த இடத்தில் முத்து ஞாபகம் வராமல் இருக்காது. ஆழத்தில் கிடந்த முத்தை ஒருவர் எடுத்து வந்தார் என்று கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் அந்த உவமையைச் சொல்லத் தயங்குவார்கள்.

இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முன்பெல்லாம் பார்களில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று அரசு ஆட்கள் பார்த்து, கொஞ்சம் எடுத்து, திறந்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிடச் செய்வார்கள். தேறும் என்றால்தான் அறிவிப்பு வரும். குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எடுத்த சிப்பியைக் கரையில் எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்குப் போகும். திறக்காமலே. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பிறகு குவித்து அழுகவிட்டு, புழுக்கள் தின்றது போக மிச்சத்தைக் கழுவித் தேடுவார்கள். அந்த நாற்றம் கடற்கரை முழுக்க இருக்கும். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது.

கிடைத்த முத்துக்குக் கொற்கை முத்து என்று பேர் வந்தது. எடுத்த பரதவனின் பேர் எந்த முத்துக்கும் வந்ததில்லை. சிப்பிக்கோ, அது முத்தே இல்லை, உள்ளே புகுந்த தொந்தரவைச் சுற்றிப் பூசிய பூச்சு. உவமையை இதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முத்தின் விலை ஏலத்தில் முடிவாகிறது. அதனால் முத்து ஏலத்தில் பிறந்தது என்று ஆகிவிடாது. சரண்ஜித் சிங்கின் ஆல்பம் 2010இல் பிறந்தது போலப் பேசும்போது நாம் அந்தத் தவறைத்தான் செய்கிறோம்.

*

இதையெல்லாம் யோசித்து முடித்திருந்த நாட்களில்தான் அந்தத் தவறை நானே செய்தேன்.

பேச்சுவாக்கில் அண்ணாச்சி ஒரு கேசட்டைப் பற்றிச் சொன்னார். 1994இல், கப்பலில் வேலை பார்த்த மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். தாளத்தைப் பதிந்து ஓடவிடும் வசதி உள்ளது. அதில் ஆறு ராகங்களை, பாட்டில்லாமல், டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். நூறு பிரதி போட்டு மாதா திருவிழாக் கடைகளில் வைத்தார். இருபதோ முப்பதோ போயின. ஆறு ராகம், சிங்கப்பூர் கீபோர்டு, டிஸ்கோ. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

“அண்ணாச்சி, இதை நெட்ல போடணும். தொலைஞ்சுபோன தூத்துக்குடி எலக்ட்ரானிக் ஆல்பம்னு போட்டா உலகமே கேக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. “தொலைஞ்சு போச்சுன்னு யாருலே சொன்னா? நான்தான பீரோவுல வச்சிருக்கேன்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“ஒரு விசயம் கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. பத்து வருசமா ஞாயித்துக்கிழம கோயில்ல வாசிக்கேன். உங்க வீட்டுக்கும் கோயிலுக்கும் எத்தன அடி? ஒரு நாளாவது வந்து கேட்டிருக்கியா? செத்தவரு தட்டைக் கேக்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு என் வாசல் வழியாத்தான போற.”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இன்றும் இல்லை.

உ.வே.சாமிநாதையரின் ஒரு அனுபவம் அன்றிரவு நினைவுக்கு வந்தது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டதால்தான் அவர் சீவக சிந்தாமணியைப் படிக்க ஆரம்பித்தார். அவ்வளவு தமிழ் படித்தவருக்கே அது புரியவில்லை. மறைந்துபோன ஒரு நூல், அதன் பொருள் சொல்ல ஆளில்லை என்றுதான் தோன்றியது. பிறகு கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து போனால், அவர்களுடைய வீடுகளில் சிந்தாமணி வாசிப்பு முறையாக நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது தொலைந்ததே இல்லை. உ.வே.சா. அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டார். 1887இல் அச்சிட்டார். தான் கண்டெடுத்ததை மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சமணர்கள் நமக்குத் தெரியாமலே போயிருப்பார்கள். யாரிடம் கேட்டேன் என்பதைத் தன் வரலாற்றில் பேர் சொல்லி எழுதிவைத்தார்.

‘தொலைந்த’, ‘மறக்கப்பட்ட’, ‘கவனிக்கப்படாத’. இந்தச் சொற்களில் எழுவாய் இல்லை. யாரால் மறக்கப்பட்ட? பெரும்பாலும் அதற்குப் பதில் ‘எங்களால்’ என்பதுதான். அந்த ‘எங்களால்’ என்பதை விழுங்கிவிட்டால், நம் கவனக்குறைவு அந்தப் பொருளின் குணமாக மாறிவிடுகிறது. பொருள் தொலைந்திருந்தது, நாம் மீட்டோம். உண்மையில் பொருள் பீரோவில் பத்திரமாக இருந்தது, நாம்தான் காணாமல் போயிருந்தோம்.

கவனிக்கப்படாத ஒன்றுக்கு நாம் பட்ட கடன் என்ன என்ற கேள்விக்கு எனக்கு இன்று தெரிந்த பதில் மிகச் சிறியது. அது எதுவாக இருக்க நினைத்ததோ அதுவாக அதை ஒருமுறையாவது முழுதாகக் கேட்பது. மால்கௌன்ஸை மால்கௌன்ஸாக. அடுத்தது, செய்தவர் பேரைச் சரியாக எழுதுவது. புகழ்ச்சியெல்லாம் அப்புறம். அதுவும் நம் திருப்திக்காகத்தான். இவை இரண்டும் உயிரோடு இருக்கிறவர்களுக்கும் பொருந்தும், அவர்களிடம் செய்வது இன்னும் கடினம். செத்தவர்களும் தூரத்தில் இருப்பவர்களும் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. தெருவில் இருப்பவர் கேட்பார்.

மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி பூசையின் நடுவில் ஒரு பாட்டுக்கு முன்னால் சில விநாடி ஹிந்தோளத்தில் எதையோ தொட்டுவிட்டு உள்ளே போனார். எனக்காக வாசித்தாரா, எப்போதும் அப்படித்தான் வாசிப்பாரா என்று தெரியவில்லை. பத்து வருடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்காவது வாரம் அவரே கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கணினியில் ஏற்றுவதற்கு முன் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டோம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அது சரண்ஜித் சிங் ஆல்பம் போல இல்லை. தாளம் சில இடங்களில் விறைப்பாக இருக்கிறது, இரண்டாவது பக்கம் கொஞ்சம் அலுப்பு. கல்யாணி மட்டும் மிக நன்றாக இருக்கிறது.

மேலே என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒரு தாளை வாங்கி அவரே எழுதினார். அவர் பேர். தாளம் பதிய உதவிய நண்பரின் பேர், பதிவு செய்த பையனின் பேர். கீபோர்டின் பேர். 1994. ஆறு ராகங்கள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வேற ஒரு வார்த்தையும் போடக் கூடாது.”